விருந்தாளி பக்கம்

பலகையில் இரண்டே சொற்கள்:
இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் விருந்தாளி.
எந்த நாடு வந்தாலும் அதே பெயிண்ட்தான்.
ஆட்டத்துக்கு எழுபது ரிங்கிட்,
ஒரு பொட்டலம் நாசி லெமாக்,
செராஸ் திடலின் கிழக்கு ஓரத்தில்
சாய்த்து வைத்த ஓர் அலுமினிய ஏணி.

தேசிய அணியின் கணக்கு சங்கத்துக் கோப்பில் இருக்கிறது,
தேதி, ஊர், நடுவர் பெயரோடு.
என்னிடம் இருப்பவை தகரத்தில் வெட்டிய எண்கள்.
விருந்தாளியின் மூன்றுக்கும் நான்குக்கும்
ஆணித்துளை தேய்ந்து அகன்றுவிட்டது.
வீட்டின் பத்தாமிடத்துக்கென்று செய்த ஐந்து
செய்தித்தாள் சுற்றியபடி
இன்னும் பெயிண்ட் மணக்கிறது.
வந்தவருக்கு அள்ளி வைத்துவிட்டுத்
தான் பானையைச் சுரண்டும் வழக்கம்.
ரக்பிக்கும் அதையே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் போல.

ஒரு தடவை விருந்தாளிக்கு அறுபத்தாறு.
வீட்டின் ஆறை எடுத்துக் கொடுத்தேன்.
அன்று நமக்கு அது தேவைப்படவில்லை.
வீட்டின் ஒன்பது தொலைந்து வெகுநாளாகிறது;
ஆறைத் தலைகீழாக மாட்டுகிறேன், யாரும் கேட்டதில்லை.

ஜெயித்ததும் உண்டு.
மழையில், கழுத்தே இல்லாத குணவீரன்
மூன்று பேரை முதுகில் இழுத்துக்கொண்டு
கோட்டுக்கு மேல் விழுந்தார்.
முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு.
அன்றிரவு எண்களைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனேன்.
ஏணி வழுக்கியது என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு நடமாட்டக் கட்டுப்பாடு.
அதற்கு முந்தைய ஆட்டம் பதினேழுக்குப் பதினெட்டு.
அடுத்த வாரம் கழற்றலாம் என்றிருந்தேன்,
அடுத்த வாரமே வரவில்லை.
பூட்டிய கேட்டுக்குப் பின்னால்,
வெயிலிலும், குரங்குகள் முன்னிலையிலும்,
மாதக்கணக்காக
ஒரே ஒரு புள்ளியில் தோற்றுக்கொண்டே இருந்தோம்.
கழற்றியபோது பலகை வெளிறிக் கிடந்தது.
எண்கள் இருந்த இடம் மட்டும் புதுப்பச்சை.
இப்போது எதை மாட்டினாலும்
ஓரத்தில் அந்தப் பதினேழு எட்டிப்பார்க்கும்.

இன்னொன்று. டிரை விழுந்தால் ஐந்து.
கூட்டி, எண் தேடி, ஏணியேறி,
திடலுக்கு முதுகு காட்டி மாட்டுவேன்.
அந்நேரம்தான் பின்னால் உதை நடக்கும், கூடுதல் இரண்டுக்கு.
பதினோரு ஆண்டில் ஓர் உதையையும் பார்த்ததில்லை.
மேலேறும் 'ஆ' என்றால் இரண்டு.
கீழிறங்கும் 'ஆ' என்றால் ஒன்றுமில்லை.

போன மாதம், இருபத்தொன்றுக்குப் பதினான்கு,
வழக்கம்போல் நமக்குத்தான் பதினான்கு.
இரண்டு நிமிடம் மிச்சம்.
சிபுவிலிருந்து வந்த நெட்டையன் ஜென்டாங்
மூலைக்கொடியை உரசிக்கொண்டு பந்தை அழுத்தினான்.
பத்தொன்பது.
கையில் ஒன்பது, அதாவது ஆறு.
ஏறினேன். மாட்டவில்லை.
மூன்றாம் படியில் திரும்பி உட்கார்ந்தேன்.

ஹஸ்ருல் பந்தை நிறுத்தினார்,
அது சரிந்தது, மறுபடி நிறுத்தினார்.
காலுறையை இழுத்துவிட்டு
வாய்க்குள் எதையோ எண்ணினார்.
இவ்வளவு நேரமா ஆகும்?
எனக்கு வெறும் சத்தமாக இருந்தவர்கள்
இத்தனை ஆண்டும்
இப்படித் தனியாகவா நின்றார்கள்?

"அக்கா, ஸ்கோர்! ஸ்கோர்!"
மேசையிலிருந்து கத்தினார்கள்.
பலகை பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பந்து எழும்பி இடது கம்பத்தில் பட்டது.
அந்த ஓசை எனக்குத் தெரியும்.
முன்பும் கேட்டிருக்கிறேன்,
ஏணிதான் எதையோ இடித்தது என்று நினைத்து.

திரும்பி ஒன்பதை மாட்டினேன்.
ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றி
ஆறாகித் தொங்கியது.
நிமிர்த்தினேன், மறுபடி ஆறு.
ஆட்டத்தில் நாற்பது வினாடி இருந்தது.
விசில் வரும்வரை
விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அவர்களுக்கு முதுகு காட்டியபடி.